லென்ஸ் கேள்வி–பதில்: வைட் ப்ரைம் லென்ஸின் மங்கலும் கூர்மையும்

எஃப் 1.4, எஃப் 1.8 போன்ற பெரிய அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) கொண்ட அகலக்கோண (வைட்) ப்ரைம் லென்ஸ்கள், அதாவது ஜூம் இல்லாத ஒரே குவியத்தூர லென்ஸ்கள், பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வேறு அளவு சொல்லப்படாத இடங்களில், கணக்குகள் எல்லாம் 36 × 24 மி.மீ ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கும் 6000 பிக்சல் அகலமுள்ள (24 மெகாபிக்சல்) படத்துக்கும் உரியவை.

கேள்வி: என்னிடம் 85 மி.மீ எஃப் 1.8 இருக்கிறது. புதிதாக 24 மி.மீ எஃப் 1.4 வாங்கினேன். எஃப் எண் இன்னும் சிறியது என்பதால் பின்னணி மேலும் கரையும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. எஃப் எண் என்பது ஒரு விகிதம். குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால்தான் ஒளி நுழையும் துளையின் உண்மையான விட்டம் கிடைக்கும். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ. 24-ஐ 1.4-ஆல் வகுத்தால் 17 மி.மீ. பின்னணி எவ்வளவு கரையும் என்பதை முடிவு செய்வதில் இந்த விட்டத்துக்குத்தான் பெரிய பங்கு.

இதைக் கையாள எளிய கணக்கு ஒன்று உண்டு. நீங்கள் ஃபோகஸ் செய்த முகத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை நிறுத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் ஒரு சிறு விளக்கு, அந்த அளவுகோலில் எத்தனை மி.மீ அகலமான வட்டமாக விரிந்து தெரியும்? துளையின் விட்டத்தை, முகத்துக்கும் விளக்குக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, கேமராவுக்கும் விளக்குக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுங்கள். அவ்வளவுதான்.

24 மி.மீ லென்ஸில் முகம் அரை மீட்டரில் இருக்கட்டும். அதே அளவு முகம் 85 மி.மீ-ல் வர நீங்கள் சுமார் 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். விளக்கு முகத்துக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால் 24-ல் வட்டம் 11 மி.மீ, 85-ல் 17 மி.மீ. வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் அல்ல. விளக்கு 5 மீட்டர் பின்னால் போனால் 24-ல் ஏறக்குறைய 16, 85-ல் 35. வெகு தொலைவுக்குப் போனால் 17-க்கு 47. அதாவது, தொலைதூரப் பின்னணியைப் பொறுத்தவரை உங்கள் 24 மி.மீ எஃப் 1.4, உங்கள் 85 மி.மீ-ஐ எஃப் 5-க்குச் சுருக்கியது போலத்தான் நடந்துகொள்ளும். அருகிலுள்ள பின்னணியில்தான் அது தன் பலத்தைக் காட்டும்.

இன்னொன்றும் சேர்கிறது. வைட் லென்ஸில் பின்னணிப் பொருட்கள் சிறிதாகவும் நிறையவும் வந்து விழும். 85-ல் நான்கு இலைகள் விழும் இடத்தில் 24-ல் ஒரு மரமே வந்து உட்காரும். கண் அதை “மரம்” என்று கண்டுபிடித்துவிடுகிறது. எனவே இந்த லென்ஸிடம் பின்னணியை அழிக்கச் சொல்லாதீர்கள். பின்னணி என்ன என்று தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் அந்தப் பாதி மங்கல்தான் இதன் வேலை. அந்தப் பாதி மங்கல் எவ்வளவு அழகாக வருகிறது என்பதை வைத்துத்தான் வைட் ப்ரைம்களைத் தரம் பிரிக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் 24 மி.மீ எஃப் 1.4-ல் எவ்வளவு நெருங்கினால் மங்கல் கண்ணில் படும்?

பதில்: ஆள் 3 மீட்டரில், பின்னணி அவருக்கு 3 மீட்டர் பின்னால் என்றால், பின்னணி விளக்கின் வட்டம் படத்தில் 11, 12 பிக்சல் அகலம்தான் இருக்கும். கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு அது மங்கலாகவே தோன்றாது, ஏதோ கூர்மை குறைந்த படம் போலத் தோன்றும். ஆளை அரை மீட்டருக்குக் கொண்டுவந்து, பின்னணியை அதே 3 மீட்டர் பின்னால் விட்டால் வட்டம் சுமார் 120 பிக்சல். பத்து மடங்கு. 1 மீட்டருக்குள் வராதவரை இந்த லென்ஸின் எஃப் 1.4 பெரும்பாலும் குறைந்த ஒளிக்கான வசதி மட்டுமே.

குவிய ஆழ அட்டவணையை நம்பி ஏமாறவும் வேண்டாம். 1 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 93 செ.மீ முதல் 1.08 மீட்டர் வரை “கூர்மை” என்று அட்டவணை சொல்லும். அது 0.03 மி.மீ வரையிலான வட்டத்தைப் புள்ளியாக ஏற்றுக்கொள்கிறது. 24 மெகாபிக்சல் சென்சாரில் 0.03 மி.மீ என்பது 5 பிக்சல். 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அந்த எல்லைகள் இரண்டும் தெளிவாகவே மங்கல். பிக்சல் அளவில் நீங்கள் எதிர்பார்க்கும் கூர்மை, அட்டவணை சொல்லும் ஆழத்தில் ஐந்தில் ஒரு பங்கில்தான் கிடைக்கும்.

கேள்வி: மங்கலின் தரத்தை (பொக்கே) வீட்டிலேயே சோதிக்க முடியுமா? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பொக்கே என்பது ஜப்பானிய மொழியில் மங்கலைக் குறிக்கும் சொல். 1997-ல் ஃபோட்டோ டெக்னிக்ஸ் என்ற அமெரிக்க இதழ் அதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மங்கலின் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். அதன் தன்மையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு சிறு எல்.இ.டி விளக்கு போதும்.

அறையை இருட்டாக்கி விளக்கை 5 மீட்டர் தள்ளி வையுங்கள். விளக்கு பெரிதாக இருந்தால் கறுப்பு அட்டையில் ஊசித்துளை போட்டு முன்னால் ஒட்டுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, ஆட்டோஃபோகஸை அணைத்து, வளையத்தை அரை மீட்டருக்குத் திருப்புங்கள். ரா (RAW) கோப்பாக, குறைந்த ஐ.எஸ்.ஓ-வில் எடுங்கள். வட்டம் வெள்ளையாக எரிந்துபோகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள். வெளுத்துப்போன வட்டத்துக்குள் எதுவும் தெரியாது. விளக்கு ஃப்ரேமின் நடுவில், நடுவுக்கும் மூலைக்கும் பாதித் தூரத்தில், மூலையில் என்று மூன்று இடங்களில் விழும்படி கேமராவைத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் எஃப் 1.4, 2, 2.8, 4 என எடுங்கள்.

முதலில் நடு வட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். உள்பகுதியும் விளிம்பும் ஒரே பிரகாசமாக இருந்தால் நல்லது. விளிம்பை நோக்கிப் போகப்போக ஒளி தேய்ந்து மறைந்தால் இன்னும் நல்லது; அப்படிப்பட்ட வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது எல்லை தெரியாமல் கலந்துவிடும். விளிம்பில் பிரகாசமான வளையம் ஓடினால்தான் தொல்லை. ஒரு மெல்லிய கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வரிசையாக அடுக்கிய வட்டங்களால் ஆனது. ஒவ்வொரு வட்டத்துக்கும் விளிம்பு பளிச்சென்று இருந்தால், வட்டங்களின் நடுப்பகுதி மங்கி, இரு ஓரமும் சேர்ந்து இரண்டு கோடாகிவிடும். ஒரு கிளை இரட்டைக் கிளையாகத் தெரியும். புல்வெளி முழுக்க இப்படி ஆனால் பின்னணி நடுங்குவது போல இருக்கும்.

இதற்குக் காரணம் கோளப் பிறழ்ச்சியை (லென்ஸின் ஓரம் வழியே வரும் கதிர்களும் நடுவே வரும் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாத குறையை) லென்ஸ் வடிவமைத்தவர் எந்தப் பக்கம் திருத்தினார் என்பது. பிறழ்ச்சியைக் கொஞ்சம் மிச்சம் வைத்த லென்ஸில் பின்னணி மென்மையாகவும் முன்னணி முரடாகவும் வரும். அளவுக்கு மேல் திருத்திய லென்ஸில் தலைகீழ். ஆகவே அடுத்த சோதனையாக, தொலைவில் ஃபோகஸ் செய்து விளக்கை அருகில் கொண்டுவந்து முன்னணி வட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் லென்ஸின் குணம் கையில் வந்துவிடும்.

வட்டத்துக்குள் வெங்காயத்தை வெட்டியது போல வளையம் வளையமாகத் தெரிந்தால், அது ஆஸ்பெரிக்கல் (கோள வடிவம் அல்லாத வளைவுள்ள) கண்ணாடியை வார்த்த அச்சில் இருந்த மிக நுண்ணிய கடைசல் தடம். வைட் ப்ரைம்களில் ஆஸ்பெரிக்கல் இல்லாமல் காரியம் நடப்பது அரிது என்பதால் கொஞ்சம் தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கங்கே கரும்புள்ளி தெரிந்தால் லென்ஸுக்குள் தூசி. சாதாரணப் படங்களை அது பாதிக்காது.

கடைசியாக வெளியே போய் உண்மையான பின்னணியில் பாருங்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு மீட்டர் பின்னால் சிறிய இலைகளும் குச்சிகளும், இடையிடையே வெயில் புள்ளிகளும் இருக்கும் செடிதான் மிகக் கடினமான தேர்வு. தொலைதூர விளக்குகளை அழகான வட்டங்களாகத் தரும் லென்ஸ் இந்தச் செடியிடம் தோற்பதுண்டு. வைட் லென்ஸில் நீங்கள் எடுக்கப்போவதும் பெரும்பாலும் இந்தத் தூரத்தில்தான்.

கேள்வி: ஓரத்தில் வட்டங்கள் எலுமிச்சம்பழம் போல் ஒடுங்குகின்றன.

பதில்: சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸ் குழாயின் முன், பின் விளிம்புகள் மறைத்துவிடுகின்றன. மூலையில் 2 ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) மேல் ஒளி குறைவதும் இதே காரணத்தால்தான் ஓரளவுக்கு. இந்த வகை லென்ஸ்களில் இது இயல்பு. எஃப் 2.8-க்கு வரும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். மூலை இருட்டைச் சாஃப்ட்வேர் திருத்தும். ஒடுங்கிய வட்டத்தைத் திருத்தாது. வட்டம் சிறுத்தால் அந்த மூலையில் மங்கலும் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். எஃப் 4-ல் இன்னும் ஒடுங்கியே இருந்தால், லென்ஸ் முன் இருக்கும் தடித்த ஃபில்டரையோ ஹூடையோ கழற்றிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வெயிலில் எஃப் 1.4-ல் 1/4000 விநாடியில் எடுத்தால் எல்லா வட்டங்களும் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது போல் இருக்கின்றன. நடுவிலும்கூட!

பதில்: லென்ஸை விட்டுவிடுங்கள். கேமராவில் “எலெக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்” ஷட்டர் இயக்கத்தில் இருக்கிறது. ஷட்டரைத் திறக்கும் முதல் திரையின் வேலையை சென்சார் செய்கிறது, மூடும் இரண்டாவது திரை மட்டும் உலோகத் தகடாக, சென்சாருக்குச் சற்று முன்னால் ஓடுகிறது. இரண்டும் ஒரே தளத்தில் இல்லாததால், மிகக் குறுகிய இடைவெளியில் வட்டத்தின் ஒரு பகுதி மறைக்கப்படுகிறது. துளை பெரிதாக இருக்கும்போதும் ஷட்டர் வேகமாக இருக்கும்போதும் நன்றாகத் தெரியும். 1/1000-க்கு மேல் போகும்போது முழு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். பொக்கே சோதனைகளை எல்லாம் மெக்கானிக்கலிலேயே செய்யுங்கள்.

கேள்வி: செங்கல் சுவரை 2 மீட்டரில் இருந்து எஃப் 1.4-ல் எடுத்தேன். நடு அருமை, மூலைகள் படுமோசம். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு சுவர்ப் படத்தில் குறைந்தது நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: கேமரா சுவருக்கு நேராக இல்லாதது, ஃபோகஸ் பிசகு, லென்ஸின் குவியத் தளம் (கூர்மையாக விழும் பரப்பு) வளைந்திருப்பது, மூலையில் லென்ஸ் உண்மையிலேயே பலவீனமாக இருப்பது. இவற்றைப் பிரித்தெடுக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நேராக நிறுத்த ஒரு நல்ல வழி கண்ணாடி. சுவரோடு ஒட்டியபடி சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். திரையில் பார்க்கும்போது, கண்ணாடியில் தெரியும் உங்கள் லென்ஸின் பிம்பம் மிகச் சரியாக ஃப்ரேமின் நடுவில் விழ வேண்டும். விழுந்தால் சென்சாரும் சுவரும் இணை. குமிழ் மட்டத்தைவிட இது துல்லியமானது.

பிறகு ஃபோகஸ். லைவ் வியூவைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி ஏழெட்டுப் படங்கள் எடுத்து, நடுவில் மிகக் கூர்மையானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விநாடி டைமர் கட்டாயம். சாஃப்ட்வேரில் டிஸ்டார்ஷன் (நேர்கோடு வளைந்து தெரிவது) திருத்தத்தை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். திருத்தம் மூலைகளை இழுத்து நீட்டுவதால் அங்கே கூர்மை குறையும்; மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா லென்ஸ்கள் பல இந்தத் திருத்தத்தை நம்பியே வடிவமைக்கப்பட்டவை, ஆகவே இரண்டு நிலையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போது முக்கியமான படி. கேமராவை அசைக்காமல், மூலையில் பெரிதாக்கி அங்கே ஃபோகஸ் செய்து மறுபடி எடுங்கள். மூலை கூர்மையாகிவிட்டால் உங்கள் லென்ஸின் கண்ணாடியில் குறையில்லை. அதன் குவியத் தளம் தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருக்கிறது. மூலை எப்படித் திருப்பினாலும் கூர்மையாகவில்லை என்றால்தான் கோமா, ஆஸ்டிக்மாட்டிசம் (இரண்டும் புள்ளி ஒளியைச் சிதைக்கும் லென்ஸ் குறைகள்) போன்ற உண்மையான மூலைக் குறைகள்.

வளைவின் உருவத்தையே கண்ணால் பார்க்கவும் முடியும். சரளைக் கல் பரப்பிய தரையோ ஒரே சீரான புல்வெளியோ தேடுங்கள். கேமராவை நெஞ்சு உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்து, நடுவில் 2, 3 மீட்டரில் ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் எடுங்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரில் விளிம்புகளைக் கண்டுபிடிக்கும் ஃபில்டரைப் போட்டால், கூர்மையான கற்கள் மட்டும் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை நேராகப் போனால் தட்டையான தளம். இரு முனைகளும் கேமராவை நோக்கி வளைந்தால் ஒரு வகை, எதிர்ப்பக்கம் விலகினால் இன்னொரு வகை. நடுவில் ஒரு பக்கமும் ஓரத்தில் மறுபக்கமும் நெளிந்து மீசை போல வருவதும் உண்டு.

இந்தப் பட்டையை மனதில் வைத்துக்கொண்டால் படம் எடுப்பதே எளிதாகிவிடும். முனைகள் உங்களை நோக்கி வளையும் லென்ஸில் குழுப் படம் எடுத்தால், ஓரத்தில் நிற்பவர்களை ஒரு அடி முன்னால் வரச் சொல்லுங்கள், எல்லோர் முகமும் கூர்மையாகும். அதே லென்ஸ், நடுவில் ஒருவர் நிற்கும் படத்தில் ஓரப் பின்னணியைக் கூடுதலாக மங்கச் செய்து தரும். சுவரில் தோற்ற லென்ஸ் ஆளை எடுக்கும்போது ஜெயிப்பது இப்படித்தான்.

கேள்வி: தொலைதூரக் காட்சியில் கூர்மையைச் சோதிக்க எவ்வளவு தூரம் வேண்டும்?

பதில்: 24 மி.மீ எஃப் 1.4-ல் பிக்சல் அளவு கூர்மைக்கு 70 மீட்டர்வரை தூர வித்தியாசம் தெரியும். 200 மீட்டருக்கு அப்பால் உள்ள கட்டடமோ கோபுரமோ எடுங்கள். காலையில் சீக்கிரம் எடுங்கள். வெயில் ஏறிய பிறகு காற்றின் அலைச்சலே கூர்மையைத் தின்றுவிடும்.

கேள்வி: நடு ஃபோகஸ் புள்ளியால் ஆளின் கண்ணில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஃப்ரேமை நகர்த்தி எடுப்பது என் பழக்கம். 50 மி.மீ-ல் சரியாக வந்தது, 24-ல் முகம் எப்போதும் மங்கல்.

பதில்: வைட் லென்ஸில் முகத்தை ஓரத்துக்குக் கொண்டுபோகக் கேமராவை அதிகக் கோணம் திருப்ப வேண்டியிருக்கிறது. ஆள் 1 மீட்டரில் இருக்கும்போது கேமராவை 25 டிகிரி திருப்பினால், முகம் நடுவிலிருந்து ஓரத்துக்கான வழியில் சுமார் 60 சதவீதம் போயிருக்கும். ஃபோகஸ் தளமும் கேமராவோடு சேர்ந்து திரும்பிவிடும். கணக்குப்படி அது இப்போது முகத்துக்கு 9 செ.மீ பின்னால் நிற்கிறது. அட்டவணையின் தாராளக் கணக்கிலேயே முன்பக்கம் கிடைக்கும் சலுகை 7 செ.மீ-தான். காது கூர்மை, கண் மங்கல் என்று வருவது இதனால்தான். ஃபோகஸ் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள், அல்லது கண் கண்டறியும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எஃப் 1.4-ல் கூர்மையாக இருக்கும் இடம், எஃப் 2.8-ல் மங்குகிறது. சுருக்கினால் கூர்மை கூட வேண்டாமா?

பதில்: கூடும், ஆனால் வேறு இடத்தில். கோளப் பிறழ்ச்சி மிச்சமுள்ள லென்ஸில் அபெர்ச்சரைச் சுருக்கும்போது மிகக் கூர்மையான தளம் நகரும், பெரும்பாலும் பின்னோக்கி. ஒரு அளவுகோலை 45 டிகிரி சாய்த்து வைத்து, அரை மீட்டரில் எஃப் 1.4-ல் ஃபோகஸ் செய்து, வளையத்தைத் தொடாமல் 1.4, 2, 2.8, 4 என எடுங்கள். கூர்மையின் மையம் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போகிறது என்று அளவுகோலே சொல்லும். எஃப் 5.6-க்குப் போனால் ஆழம் கூடி இது மறைந்துவிடும். இடைப்பட்ட அபெர்ச்சர்களில், படம் எடுக்கும் அபெர்ச்சரிலேயே வைத்து லைவ் வியூவில் ஃபோகஸ் செய்வதுதான் மருந்து.

கேள்வி: படத்தின் வலப்பக்கம் மட்டும் மங்கல்.

பதில்: இதைத்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டும். எஃப் 1.4-ல் ஃபோகஸ் பிசகாமல் இருக்கச் சென்சார் பக்கம் இருக்கும் சலுகை ஏறக்குறைய 0.017 மி.மீ. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியோ, மவுண்டோ, அடாப்டரோ, சென்சாரோ அந்த அளவு சாய்ந்திருந்தாலே ஒரு பக்கம் கெடும்.

200 மீட்டருக்கு அப்பால் நுணுக்கம் நிறைந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு வளையத்தைத் தொடாமல், அந்த ஒரே பொருள் நான்கு மூலைகளிலும் மாறி மாறி விழும்படி எடுங்கள். நான்கும் ஒரே அளவு கெட்டிருந்தால் வடிவமைப்பின் குணம். ஒன்று மட்டும், அல்லது ஒரு பக்கத்து இரண்டு மட்டும் மோசம் என்றால் தயாரிப்புக் குறை. மோசமான மூலைக்குத் தனியாக ஃபோகஸ் செய்தால் அங்கே கூர்மை வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ஏதோ சாய்ந்திருக்கிறது. அதே லென்ஸை இன்னொரு கேமராவில் மாட்டியும் அதே பக்கம் மங்கினால் குற்றவாளி லென்ஸ். முன்பு சொன்ன விளக்குச் சோதனையிலும் தடயம் கிடைக்கும்: ஃப்ரேமின் சரியான நடுவில் விழும் வட்டத்தின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக இருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி மையத்தை விட்டு விலகியிருக்கிறது. இப்படிப்பட்ட லென்ஸை இந்தப் படங்களோடு சேர்த்து மாற்றித் தரக் கேளுங்கள். எஃப் 5.6-க்குச் சுருக்கியும் ஒரு பக்கம் மங்கலாகவே இருந்தால் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: மூலையில் நட்சத்திரங்கள் சிறகு விரித்த பறவை போல் வருகின்றன.

பதில்: கோமாவும் ஆஸ்டிக்மாட்டிசமும் சேர்ந்த வேலை. பெரிய திறப்புள்ள அகலக்கோண லென்ஸின் மிகக் கடினமான இடம் இது. நட்சத்திரம் ஒரு புள்ளி, பின்னால் கறுப்பு. எந்தக் குறையும் ஒளிய இடமில்லை. ஒரு ஸ்டாப் சுருக்கினால் சிறகு நன்றாகக் குறையும், எஃப் 2.8-ல் பல லென்ஸ்களில் ஏறக்குறைய மறையும். ஆனால் சோதிக்கும்போது நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்காதீர்கள். வான நடுக்கோட்டுக்கு அருகே உள்ள நட்சத்திரம் 24 மி.மீ லென்ஸில் மூன்றரை விநாடிக்கு ஒரு பிக்சல் நகர்கிறது. 20 விநாடி கொடுத்தால் 6 பிக்சல் நீளக் கோடு. அதைக் கோமா என்று லென்ஸின் தலையில் கட்டக் கூடாது. ஐ.எஸ்.ஓ-வை ஏற்றி 4 விநாடியில் எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளி நகை, பளபளக்கும் விளிம்புகளைச் சுற்றி ஊதாவும் பச்சையும் வருகின்றன.

பதில்: ஃபோகஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை என்றால் அது நீளவாக்கு நிறப் பிறழ்ச்சி. நடுவிலும் வரும், எஃப் 2.8-க்குள் பெரும்பாலும் அடங்கும். முழுத் திறப்பில் எடுத்துவிட்டால் சாஃப்ட்வேர் நிறத்தை வெளுக்கச் செய்யும், முழுதாக நீக்காது. ஓரங்களில் மட்டும், ஒரு பக்கம் சிவப்பு மறுபக்கம் நீலப்பச்சை என்று வந்தால் அது குறுக்குவாக்கு. அபெர்ச்சரைச் சுருக்கினாலும் போகாது, ஆனால் சாஃப்ட்வேரில் உள்ள லென்ஸ் ப்ரொஃபைல் (அந்த லென்ஸின் குறைகளுக்கான திருத்தம்) ஒரே அழுத்தில் சுத்தமாக்கிவிடும். வாங்கும்போது முதல் வகையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் கேமரா ஏ.பி.எஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்). 16 மி.மீ எஃப் 1.4, ஃபுல் ஃப்ரேமின் 24 மி.மீ எஃப் 1.4-க்குச் சமமா?

பதில்: கோணத்திலும் எக்ஸ்போஷரிலும் சமம். மங்கலில் இல்லை. 16-ஐ 1.4-ஆல் வகுத்தால் துளை 11.4 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் 24 மி.மீ-ல் அதே துளை எஃப் 2.1-ல் வரும். இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 12 மி.மீ எஃப் 1.4 என்றால் 24 மி.மீ எஃப் 2.8 போல. இன்னும் நெருங்கிப் போக லென்ஸ் இடம் கொடுக்கிறதா என்று குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள். இந்த லென்ஸ்களில் எஃப் எண்ணைவிட அது அதிகம் கைகொடுக்கும்.

கேள்வி: துளை 17 மி.மீ-தான் என்றால் 24 மி.மீ எஃப் 1.4 ஏன் இவ்வளவு பெரிய லென்ஸாக இருக்கிறது?

பதில்: மூலைக்குப் போகும் சாய்ந்த கதிர்களையும் உள்ளே விட முன்கண்ணாடி பெரிதாக இருக்க வேண்டும். எஸ்.எல்.ஆர் காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. லென்ஸுக்குப் பின்னால், பார்வைச் சாளரத்துக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடி (மிரர்) மேலெழும்ப இடம் வேண்டும் என்பதால் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே கேனன் இ.எஃப்-ல் 44 மி.மீ, நிக்கான் எஃப்-ல் 46.5 மி.மீ. 24 மி.மீ குவியத்தூர லென்ஸ் அவ்வளவு தள்ளி நின்று பிம்பம் விழச் செய்ய, முன்னால் ஒரு பெரிய குழிலென்ஸ் தொகுதி வேண்டியிருந்தது. ஆஞ்செனியூ நிறுவனம் 1950-ல் “ரெட்ரோஃபோகஸ்” என்ற பெயரில் 35 மி.மீ எஃப் 2.5-ல் கொண்டுவந்த வழி இது. மிரர்லெஸில் அந்த இடைவெளி சோனி இ-யில் 18, நிக்கான் இசட்-ல் 16, கேனன் ஆர்.எஃப்-ல் 20 மி.மீ என்று குறைந்ததால் வடிவமைப்பவர்களுக்குக் கை அவிழ்ந்திருக்கிறது.

கேள்வி: பழைய எஸ்.எல்.ஆர் 24 மி.மீ லென்ஸை அடாப்டரில் மாட்டினேன். தொலைவுக் காட்சி கூர்மையாக இருக்கும்போது லென்ஸ் ஸ்கேல் 6 மீட்டர் என்று காட்டுகிறது. மூலைகளும் சுமார்தான்.

பதில்: அடாப்டர் 0.1 மி.மீ மெலிதாக இருக்கிறது. 24 மி.மீ லென்ஸில் அந்தச் சிறு குறைவே ஸ்கேலை முடிவிலியிலிருந்து 6 மீட்டருக்குத் தள்ளிவிடும், 85 மி.மீ-ல் அதே அடாப்டர் 70 மீட்டருக்கு மேல் காட்டும், நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். ஸ்கேல் பிசகுவது மட்டும் என்றால் பரவாயில்லை. உங்கள் லென்ஸ் நெருங்கிய தூரத்துக்கென்று உள்ளே ஒரு தொகுதியைத் தனியாக நகர்த்தும் வகையாக இருந்தால், தொலைவை எடுக்கும்போதும் அந்தத் தொகுதி 6 மீட்டருக்கான இடத்தில் நிற்கிறது. மூலை கெடுவது அதனால் இருக்கலாம். அடாப்டரின் மவுண்டுத் திருகுகளைக் கழற்றி, தட்டுக்கு அடியில் 0.1 மி.மீ கனமுள்ள பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி வைத்துத் திரும்ப முடுக்குங்கள். எல்லாத் திருகுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். பிறகு தொலைவுக் காட்சியை மறுபடி எடுத்து, ஸ்கேல் முடிவிலிக் குறிக்கு வந்ததா என்று பாருங்கள். குறியைத் தாண்டியும் கூர்மை வரவில்லை என்றால் தகடு தடித்துவிட்டது, 0.05 மி.மீ தகட்டுக்கு மாறுங்கள்.